எண்ணெய்க் கையோடு மலையேறியவன் எழுதுவது

ஏலே ராசா,

இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்தை உன் அம்மா தினமும் வீடியோ காலில் பார்த்து, தாடி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பது வரைக்கும் எனக்குச் சொல்லிவிடுவதால் நான் தனியாகக் கேட்கவில்லை. பத்தாம் வகுப்பை மூன்று தவணையாக முடித்தவன் எழுதும் கடிதம் இது. பிழை இருந்தால் திருத்திக்கொள், பாதியில் கீழே மட்டும் வைத்துவிடாதே. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய், நானும் அதை நம்பி வைத்துவிடுவேன். போட்டோ எடுத்து அனுப்பலாம் என்றால் ஜெராக்ஸ் கடைப் பெண் முதலில் படித்துவிடுவாள். அதனால்தான் கூரியர். நீ மலைக்குக் கிளம்ப இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அதற்குள் வந்துவிடும்.

நீ அனுப்பிய மலையேற்றத் திட்டத்தை அந்த ஜெராக்ஸ் கடையில்தான் பிரிண்ட் எடுத்தேன். ஐந்து பக்கம். தேசியப் பூங்கா என்று நீ சொன்னபோது சிமெண்ட் யானை, சறுக்கு மரம், பலூன்காரன் என்றுதான் என் மனதில் வந்தது. பூங்காவுக்குப் போக எதற்கடா அதிகாலை நாலு மணிக்கு எழ வேண்டும் என்று நினைத்தேன். அந்தப் பெண்தான் அந்த மலையின் வீடியோவைப் போட்டுக் காட்டினாள். லாரி அளவு ஒரு பாறை, அதன் மேல் வீட்டளவு இன்னொன்று. இடுக்கில் மனிதர்கள் கையும் காலும் ஊன்றிப் பல்லி மாதிரி ஏறுகிறார்கள். ஒரு இடத்தில் மேலே இருப்பவர் கையைப் பிடிக்காமல் கீழே இருப்பவர் ஏறவே முடியாது. அந்த இடத்தை மூன்று முறை போட்டுப் பார்த்தேன். "அங்கிள், பயமா இருக்கா?" என்று கேட்டாள். "இல்லம்மா, கண்ணாடி சரியில்ல" என்றேன்.

திட்டம் நன்றாகத்தான் போட்டிருக்கிறாய். ஆளுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், என்ன ஷூ, என்ன கையுறை, மழை வந்தால் எந்த இடத்தோடு திரும்புவது, எல்லாம் இருக்கிறது. ஆறு பேர் பெயரும் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு வேலை கொடுத்திருக்கிறாய். ஒருவருக்கு மருந்துப் பை, ஒருவருக்கு வரைபடம், ஒருவருக்குச் சாப்பாடு. கார்த்திக் என்ற பெயருக்கு எதிரே மட்டும் காலியாகக் கிடக்கிறது. பாறையில் ஏறும் வரிசையைப் பார்த்தால் முதலில் நீ, உனக்கு நேர் பின்னால் கார்த்திக். போன ஞாயிற்றுக்கிழமை இதைக் கேட்டபோது நீ சொன்னது எனக்கு அப்படியே காதில் நிற்கிறது. "அவன வேணும்னுதாம்பா எனக்குப் பின்னால போட்டிருக்கேன். மண்டபத்துல வாய் கிழியப் பேசுனாம்லா? பாறையில வச்சுப் பாத்துக்கிடுதேன். கையக் குடுங்க அத்தான்னு கெஞ்சட்டும், அப்ப இருக்கு அவனுக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். உன் மூக்கு உன் அம்மா மூக்கு, அந்தச் சிரிப்பு மட்டும் என்னுடையது.

உன் கல்யாணத்தில் நடந்தது எனக்கும் தெரியும். பந்தியில் நான் வாளியைத் தூக்கிக்கொண்டு பாயசம் ஊற்றிக்கொண்டு வரும்போது உன் பெண்டாட்டியின் தம்பி கார்த்திக் பக்கத்து இலைக்காரனிடம் சொன்னான்: "மாமா கையப் பாரு, நகத்துக்குள்ள கிரீஸ். பாயசத்துல இன்ஜின் ஆயில் கலக்கப் போகுது." நாலு பேர் சிரித்தார்கள். நீ மாலையும் கழுத்துமாக மணவறையிலிருந்து இறங்கி வந்து அவன் சட்டையைப் பிடித்தாய். ஒரே இழுப்பில் மூன்று பொத்தான் தெறித்தது, ஒன்று ரசத்தில் விழுந்தது. அவன் உதட்டில் உன் மோதிரம் பட்டு ரத்தம் வந்தது. நான் வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்து உன் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். அப்பாவின் மானத்துக்காகப் பிள்ளை அடித்தான் என்று நம் பக்கத்து ஆட்கள் ஒரு வாரம் பேசினார்கள். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை இருந்தது, மறைப்பானேன். ஆனால் ராசா, அவன் சொன்னதில் பொய் இல்லை. நாற்பது வருஷமாக மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டும் கை, சோப்பு போட்டாலும் மண்ணெண்ணெய் போட்டாலும் நகத்துக்குள் கறுப்பு போகாது. நீ எந்தக் கைக்காக அடித்தாயோ, இன்னும் எந்தக் கைக்காக மலை மேல் அடிக்கப் போகிறாயோ, அந்தக் கை செய்த காரியத்தை நீ தெரிந்துகொண்டு ஏறு.

எங்களுக்கு வைகாசியில் கல்யாணம். ஆனியில் சாரல் தொடங்கியதும் வாசுதேவநல்லூரிலிருந்து உன் அம்மா வீட்டார் ஒரு வேன் பிடித்து, புது மாப்பிள்ளையைக் குற்றாலத்தில் குளிக்க வைக்க வந்தார்கள். புளியோதரை, கறிக்குழம்பு, ஒரு அண்டா இட்லி. உன் இசக்கி மாமாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இப்போது ஐந்தருவியில் காலை இழுத்து இழுத்து நடந்து பஜ்ஜி போடுகிறானே, அவன்தான். அன்றைக்கு அவனைப் பார்த்திருக்க வேண்டும். போலீஸ் செலக்‌ஷனில் உயரம், மார்பு எல்லாம் அளந்து தேறிவிட்டான். அடுத்த மாதம் ஓட்டப் பரீட்சை மட்டும் பாக்கி. தினமும் விடிவதற்குள் ஊரைச் சுற்றி ஓடிவிட்டு வருவான். அக்காள் புருஷனைக் கேலி பண்ணுவது அவன் உரிமை, அதை யாரும் தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் அவன் கேலி பண்ணினால் வலிக்கும்.

பேரருவிக்குப் போகும் வழியில் கல்லில் படுக்கப் போட்டு எண்ணெய் தேய்க்கிறார்கள் அல்லவா, அங்கே இரண்டு பேரும் படுத்தோம். தலை முதல் கால் வரை நல்லெண்ணெய். தேய்ப்பவர் என் முதுகில் படார் படாரென்று அடிக்க, இசக்கி பக்கத்துக் கல்லிலிருந்து உன் தாத்தாவுக்கும் கேட்கிற மாதிரி, "அண்ணாச்சி, இன்னும் ஓங்கி அடியுங்க. பத்தாப்புல மூணு தடவ அடி வாங்குன உடம்பு, தாங்கும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். உன் அம்மாவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்ததுதான் எனக்குள் இறங்கியது. எழுந்து அருவிக்குப் போனால், தண்ணீர் செம்மண் நிறத்தில் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டுகிறது. போலீஸ்காரர் விசில் ஊதிக் குளித்தவர்களையெல்லாம் விரட்டிக்கொண்டிருந்தார். தேய்த்த எண்ணெயோடு நிற்கிறோம். அப்போதுதான் என் புத்தி வேலை செய்தது. "மேல செண்பகாதேவி அருவிக்குப் போயிக் குளிப்போம். அங்கன யாரு விசில் ஊதப் போறா?" என்றேன். உடம்பு முழுக்க எண்ணெயைப் பூசிக்கொண்டு ஈரப் பாறையில் ஏறக் கிளம்பிய இரண்டு அறிவாளிகள் இந்த ஜில்லாவிலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

அந்தக் காலத்தில் மேலே போக நல்ல பாதை இருந்தது, தடையும் கிடையாது. கொஞ்ச தூரம் போனதும் பாதையை விட்டுப் பாறைப் பக்கம் திரும்பினேன். "பாதையில பொம்பளைங்க வரட்டும். நீ போலீசு ஆளுல்லா? பாறையில வா" என்றேன். அதாவது நான் முன்னால், அவன் எனக்கு நேர் பின்னால். அவன் திணற வேண்டும், கையைக் கொடுங்க அத்தான் என்று கெஞ்ச வேண்டும், நான் கொஞ்ச நேரம் கொடுக்காமல் நிற்க வேண்டும். அவ்வளவுதான் என் திட்டம். ஐந்து பக்கமெல்லாம் கிடையாது. ஆனால் உன் திட்டமும் அதே திட்டம்தான்.

அவன் திணறவில்லை. எனக்குத்தான் மூச்சு வாங்கியது. ஓடைக்கு மேல் ஒரு சாய்ந்த பாறை, நாலு பேர் நிற்கலாம். அதில் நான் குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு சொன்னான்: "என்ன அத்தான், ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குதா? பிளக்கைக் கழத்தித் தொடைக்கணுமோ? எங்க அக்காவுக்கு வாத்தியார் மாப்பிள்ளை வந்தான். எங்க அப்பாதான் இந்தப் பழைய வண்டிய வாங்கிட்டாரு." நான் நிமிர்ந்தேன். நிமிர்ந்த வேகத்திலேயே ஓங்கி அறைந்தேன். அவன் யோசிக்கவே இல்லை, தலையால் என் மூக்கில் முட்டினான். கண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்தது. மூக்கிலிருந்து ரத்தம் வாய்க்குள் போனது. நான் கட்டிப் பிடித்தேன், பிடி நிற்கவில்லை. எண்ணெய் பூசிய இரண்டு உடம்பு, மீன் மாதிரி வழுக்குகிறது. குத்தினால் குத்து தோளில் விழுந்து சறுக்கிப் போகிறது. அதனால் கோபம் இன்னும் ஏறுகிறது. தோளைக் கடித்தேன். நல்லெண்ணெயும் ரத்தமும் கலந்த ருசி இன்றைக்கும் சில நாள் இட்லிப் பொடியில் எண்ணெய் ஊற்றும்போது நாக்கில் வரும், தட்டைத் தள்ளிவிடுவேன். உன் அம்மா கேட்டால் பசியில்லை என்பேன். அவன் என் இடது காதில் ஒரு குத்து விட்டான். அந்தக் காதில் அன்றிலிருந்து அருவி கொட்டிக்கொண்டேதான் இருக்கிறது, சீசன் என்று ஒன்று கிடையாது. கீழே நிஜ அருவியின் இரைச்சல், மேலே நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டும் சத்தம். குரங்குகள் எல்லாம் மரத்தில் ஏறி உட்கார்ந்து பார்த்தன. அவற்றுக்கு எங்களை விட அறிவு அதிகம்.

அவன் காலை நான் உதைத்தேன். முட்டிக்குக் கீழே, வேண்டுமென்றே, முழு பலத்தோடு. அவன் உட்கார்ந்தான், உட்கார்ந்த இடத்திலிருந்து சறுக்கினான். பாறை விளிம்பில் முழங்கை மாட்டி ஒரு நொடி நின்றது. அவன் முகம் என்னைப் பார்த்தது. அதில் கோபம் இல்லை, இருபத்திரண்டு வயசுதான் இருந்தது. நான் குப்புற விழுந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்தேன், ராசா, அது சத்தியம். வழுக்கியது. மணிக்கட்டிலிருந்து உள்ளங்கை, உள்ளங்கையிலிருந்து விரல், பிறகு ஒன்றுமில்லை. இரண்டு ஆள் உயரம் இருக்கும். கீழே கல்லில் விழுந்த சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. வலது கால் முட்டிக்குக் கீழே கால் போகக் கூடாத பக்கம் போயிருந்தது. தோலைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெள்ளையாக வெளியே நின்றது.

இறங்கிப் போய் அவனை முதுகில் தூக்கினேன். நிற்கவில்லை, எண்ணெய். நழுவி நழுவி விழுகிறான், ஒவ்வொரு தடவையும் அலறுகிறான். அப்போதுதான் நான் மெக்கானிக் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. ஒர்க்ஷாப்பில் கை எண்ணெயாக இருக்கும்போது போல்ட்டைக் கழற்ற வேண்டுமானால் என்ன செய்வோம்? தரையிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளித் தேய்ப்போம், பிடி இரும்பு மாதிரி நிற்கும். பத்து வயதிலிருந்து செய்கிற வேலை. ஓடை மணலை அள்ளி என் கையிலும் தோளிலும், அவன் கையிலும் நெஞ்சிலும் தேய்த்துத் தூக்கினேன். பிறகு நழுவவே இல்லை, கீழே வரைக்கும். சண்டை போட்ட பாறையிலும் இடுக்கெல்லாம் அந்த மணல்தான் கிடந்தது. அவன் சறுக்கியபோது எனக்கு அதை அள்ளத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பதுதான் இருபத்தெட்டு வருஷமாக என் கேள்வி. எண்ணெய் வழுக்கியதா, இல்லை, இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்க என் கைக்கு மனசில்லையா?

வேனுக்குப் பக்கத்தில் எல்லாரும் ஓடி வந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் இசக்கி சொன்னான்: "வழுக்கிட்டுக்கா. எண்ணெய். அத்தான் கையப் பிடிச்சாரு, நிக்கல. அத்தானுக்கும் மூக்குல அடி. அத்தான்தான் தூக்கிட்டு வந்தாரு." அவ்வளவுதான், நான் பெரிய ஆளாகிவிட்டேன். மைத்துனனை மலையிலிருந்து சுமந்து வந்த மாப்பிள்ளை. உன் தாத்தா அடுத்த மாதம் எனக்கு ஒரு மோதிரம் போட்டார். அதே மாதம்தான் போலீஸ் ஓட்டப் பரீட்சை நடந்தது. இசக்கி திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் காலில் கம்பியோடு படுத்திருந்தான். அந்த மோதிரத்தைத்தான் உன் நிச்சயதார்த்தத்தில் உனக்குப் போட்டேன். கார்த்திக் உதட்டைக் கிழித்தது அதுதான்.

உனக்கு ஆறு வயதில் ஒருநாள், மாமா மாதிரி காலை இழுத்து நடந்து காட்டினாய். மாமாவே விழுந்து விழுந்து சிரித்தான். நான் உன்னை வண்டி டியூபால் அடித்தேன். ஒன்று இரண்டல்ல, உன் தொடையில் வரி வரியாக எழும்பி, நீ ஒன்றுக்குப் போகும் வரை அடித்தேன். மாமாதான் குறுக்கே விழுந்து இரண்டு அடியைத் தன் முதுகில் வாங்கினான். "ஏம்ப்பா அன்னைக்கு அப்படி அடிச்சீங்க?" என்று நீ வளர்ந்த பிறகு இரண்டு தடவை கேட்டாய். மரியாதை தெரிய வேண்டாமா என்று சொல்லிவிட்டேன். பொய். நான் அடித்தது உன்னை இல்லை. ஆனால் வரி விழுந்தது உன் தொடையில். என்னை மன்னித்துக்கொள். சின்ன வயதில் இன்னொன்றும் கேட்பாய், "மாமா ஏன் பஸ்ஸு ஏறும்போது உங்க கையப் பிடிக்கவே மாட்டாங்க, கம்பியத்தான் பிடிக்காங்க?" என்று. நான் பேச்சை மாற்றிவிடுவேன். உன் அம்மா மட்டும் ஒரே ஒரு தடவை, மீன் கழுவிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நாள் பூரா எண்ணெய்க் கையில நட்டு கழத்துத மனுசனுக்கு, எந்தம்பி கை மட்டும் வழுக்கிட்டாக்கும்." அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்பும் அன்று அவளிடமும் சொல்லப் போகிறேன். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு கிடைக்காது.

இதையெல்லாம் அவனைக் கேட்காமல் எழுதுவது சரியில்லை என்று பட்டது. நேற்று மத்தியானம் எழுதியது வரை எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போனேன். கூட்டமில்லை, மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. இசக்கி ஸ்டூலில் உட்கார்ந்து வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தான். பேப்பரைக் கொடுத்தேன். எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு முழுக்கப் படித்தான். உன் பெயர் வரும் இடத்தில் மட்டும் உதடு அசைந்தது.

"நல்லாத்தான் எழுதியிருக்கீரு. கெட்ட வார்த்தைய எல்லாம் விட்டுட்டீரே."

"மருமக படிப்பால்லா."

"அந்த வாத்தியார் மாப்பிள்ளை கதையும் பொய். அப்படி ஒருத்தனும் வரல. உம்மக் கடுப்பேத்தச் சொன்னேன்." கொஞ்ச நேரம் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "இதுல ஒண்ணு கேட்டிருக்கீரு. வழுக்கிச்சா, விட்டனான்னு."

"ஆமா. நீயே சொல்லு. அங்கன உன்னத் தவிர யாரும் இல்ல."

"நீரு விடல அத்தான். பிடி நல்ல பிடி. வெரலு நொறுங்குத மாதிரிதான் பிடிச்சீரு. நாந்தான் கைய உருவுனேன்."

எனக்குப் புரியவில்லை. இடது காது பக்கம் இருந்ததால் சரியாகக் கேட்கவில்லையோ என்று மற்றக் காதைத் திருப்பினேன்.

"அடிச்சது நீரு. ஒதைச்சது நீரு. அதே கையப் பிடிச்சு மேல ஏறி வந்தா, காலம் பூரா நீரு காப்பாத்துன உயிராயிருவேன். அந்தக் கையில தொங்கிக்கிட்டிருக்கும்போது அதுதான் தோணிச்சு. உசரம் இவ்வளவுன்னு தெரியல. சின்னப் பயதானே. உருவிட்டேன்." சிரித்தான். "எண்ணெய் இருந்திச்சா, சுளுவா வந்திட்டு."

அவன் சொன்னது நிஜமா, கிழவனாகப் போகிறவனுக்குக் கொடுத்த ஆறுதலா, எனக்குத் தெரியாது. அந்த வேனுக்குப் பக்கத்தில் எனக்காக ஒரு பொய் சொன்னவன்தானே. ஆனால் இருபத்தெட்டு வருஷமாக அவன் பஸ் கம்பியைத்தான் பிடிக்கிறான், என் கையைப் பிடித்ததில்லை. அதைப் பார்த்தால் நிஜமாகத்தான் இருக்க வேண்டும்.

இதை நினைத்துத்தான் உன் திட்டத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். நீ மேலே நின்று கையை நீட்டுவாய் என்று வைத்துக்கொள். கெஞ்ச வைத்துவிட்டுத்தான் நீட்டுவாய், ஆனாலும் நீட்டிவிடுவாய், நீ கெட்டவன் இல்லை. அந்தப் பையன் அந்தக் கையைப் பிடிப்பான் என்று உனக்கு என்ன நிச்சயம்? அவன் உதட்டில் உன் மோதிரத் தழும்பு இன்னும் இருக்கிறது. நீ வாங்கியிருக்கும் கையுறை, ஷூ எல்லாம் பாறைக்கு. இதற்கு அந்தக் கடையில் ஒன்றும் விற்கமாட்டார்கள்.

அதனால் மூன்று வாரத்துக்குள் அவனைக் கூப்பிட்டுப் பேசு. எனக்காக வேண்டாம், என் கைக்கு மானம் நீ தேடித் தர வேண்டியதில்லை. மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வராவிட்டால் சாப்பாட்டுப் பையையாவது அவனிடம் கொடு, அந்தக் காலி இடத்தை நிரப்பு. பேசியும் மனசு ஆறாவிட்டால் மலையைத் தள்ளிப் போடு, அது எங்கேயும் போகாது. போவதென்றால் வரிசையை மாற்று. அவன் முன்னால் ஏறட்டும். மேலே நின்று கை நீட்ட வேண்டிய அந்த இடத்தில் அவன் நீட்டட்டும். நீ கீழேயிருந்து, மற்ற நாலு பேரும் பார்க்க, பிடி.

நேற்று கிளம்பும்போது மழை வலுத்தது. இசக்கி சாமானை எடுத்து உள்ளே வைக்க ஸ்டூலிலிருந்து எழப் பார்த்தான். கால் ஒத்துழைக்கவில்லை. வழக்கம்போல் கடைத் தட்டியின் கம்பைத் தேடி அவன் கை போனது. நான் கையை நீட்டினேன். அவன் அதைப் பார்த்தான், நகத்துக் கறுப்பையும் சேர்த்துப் பார்த்தான்.

"மண்ணத் தேச்சுட்டு வாரும்" என்றான்.

குனிந்து, கடைக்கு முன்னால் நனையாமல் கிடந்த இடத்திலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, இரண்டு உள்ளங்கையிலும் நன்றாகத் தேய்த்துக்கொண்டு நீட்டினேன். பிடித்தான். கனமாக இருந்தான். எழுந்து நின்ற பிறகும் உடனே விடவில்லை.

கார்த்திக்கிடம் பேசிவிட்டு எனக்குப் போன் பண்ணு. இடது காதில் வைத்துக்கொள்ள மாட்டேன்.

உன் அப்பா